காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் தலைப்புக் கேட்டபோது "பனிச்சரிவு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏனுங்க, கோபியில வெயிலைப் பத்திப் பேசினாக்கூடப் பரவால்ல, பனியைப் பத்தி யாருங்க கேப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த பனியெல்லாம் மார்கழியில் பச்சமலை கோயிலுக்குப் போகும்போது காதை அடைக்கிற பனிதானே!

ஆனால் போன தடவை ஊருக்கு வந்தபோது நம் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஜனவரியில் மணாலி போகிறோம், பனியில் மலையேறப் போகிறோம், முடிந்தால் சறுக்கவும் போகிறோம் என்றார்கள். எங்கள் காலத்தில் ஊட்டி போவதற்கே வீட்டில் ஒரு வாரம் கெஞ்சணும். இன்றைக்குக் கோவையில் விமானம் ஏறினால் மறுநாள் பனியில் நிற்கலாம். நல்ல விஷயம்தான். போக வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. போகிறவர்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கால் வைக்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்தேன்.

பனிச்சறுக்கு, பனிச்சரிவு இரண்டுக்கும் எழுத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். மலையிலும் அப்படித்தான் இருக்கிறது.

பனிச்சரிவு நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்றும் நினைத்துவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மேல் பனி சரிந்து விழுந்தது. அங்கே இருந்தவர்கள் 19ஆவது மெட்ராஸ் ரெஜிமெண்ட் படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர். அவர்களில் நால்வர் நம் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா கொப்பத் ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டார். நாடே கும்பிட்டு நின்றது. பிப்ரவரி 11ஆம் தேதி அவரும் போய்விட்டார்.

அவர்களுக்கு அங்கே இருக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை கிடையாது. இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தார்கள். ஆனால் நாம் பொழுதுபோக்காகப் போகிறோம். நமக்கு அந்த உரிமை இருக்கிறது. பல நாட்டு விபத்துக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பொழுதுபோக்காகப் போய்ப் பனிச்சரிவில் சிக்கி இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்கள் கூட வந்தவர்களோதான். மலை தானாக வந்து மேலே விழவில்லை. நாம்தான் இழுத்து மேலே போட்டுக்கொள்கிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். நான் இங்கே படித்தது இயற்பியல். அதனால் கொஞ்சம் பாடம் எடுக்கிற மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் கிடக்கிற பனி ஒரே கட்டி இல்லை. ஒவ்வொரு தடவை பெய்ததும் ஒவ்வொரு அடுக்கு. நம் மார்க்கெட்டில் மஞ்சள் மூட்டை அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை மூட்டைக்கு மேல் யாரோ ஒரு படி அஸ்கா சர்க்கரையைக் கொட்டிவிட்டார்கள். அது தெரியாமல் அதன் மேல் இன்னும் நாலு வரிசை அடுக்கிவிட்டோம். தளம் மட்டமாக இருக்கிறவரை ஒன்றும் ஆகாது. தளத்தைச் சாய்த்தால்? மேலே இருக்கிற நாலு வரிசையும் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். பனிச்சரிவில் மிக ஆபத்தானது இந்த வகைதான். மேலே கெட்டியான ஒரு பலகை, கீழே ஒட்டாத ஓர் அடுக்கு.

அந்த அஸ்கா சர்க்கரை பனிக்குள் எப்படி வருகிறது? முன்பனிக்காலத்தில் பனி கொஞ்சமாகத்தான் கிடக்கும். அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ய டிகிரி. மேலே வானம் தெளிந்த இரவில் மைனஸ் பதினைந்து, இருபது. இந்த வித்தியாசத்தால் அடியில் இருக்கிற ஈரம் ஆவியாகி மேலே போய்க்கொண்டே இருக்கும். அப்போது பூப்போல ஒன்றோடொன்று கோத்துக் கிடந்த பனித்துகள் எல்லாம் முனை முனையான மணிகளாக மாறிவிடும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை வராது, விரலிடுக்கில் கொட்டிவிடும். அதன் மேல் தை, மாசியில் பெரிய பனி பெய்து மூடிவிடும். மேலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேர் என்று அழகாக இருக்கும். கீழே இருப்பது வாரக்கணக்கில் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே மலையில் நிற்கிறவன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

முதல் கேள்வி, சரிவு எவ்வளவு? இந்தப் பலகைச் சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன. நம் ஊர் ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அங்கேதான் ஆரம்பம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அப்போதைக்கப்போதே உதிர்ந்துவிடும். அதைவிட மட்டமாக இருந்தால் நகராது. வேடிக்கை என்னவென்றால், சறுக்குவதற்கு ரொம்ப ஜோராக இருக்கிற சாய்வும் இதேதான். இன்னொன்று, நாம் நிற்கிற இடம் மட்டமாக இருந்தால் போதாது. தலைக்கு மேலே என்ன சாய்வு என்றும் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே கிளம்பினது கீழே மட்டத்துக்கு வந்துதான் நிற்கும்.

இரண்டாவது, பனி என்ன சொல்கிறது? பக்கத்து மலையில் நேற்றோ இன்றோ சரிந்த தடம் தெரிகிறதா? கால் வைத்தால் கண்ணாடியில் விரிசல் விட்ட மாதிரிக் கோடு ஓடுகிறதா? காலடியில் 'வும்ப்' என்று ஒரு சத்தத்தோடு தரை லேசாக இறங்குகிறதா? இதில் ஒன்று கண்டாலும் மலை வாய்விட்டுச் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, வானிலை என்ன செய்தது? ஒரே நாளில் ஓரடிக்குப் பக்கமாகப் பனி பெய்ததா? காற்று அடித்ததா? காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிக்கொண்டு போய் மறுபக்கத்தில் கொட்டும். வானம் நீலமாக இருக்கும்போதே இது நடக்கும். பெய்கிற வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் பாரம் ஏறிவிடும். திடீரென்று வெயில் ஏறியதா, மழை பெய்ததா? அதுவும் கெடுதல்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை எனக்குக் கற்றுக்கொடுத்தது குல்மார்க்.

வேலை நிமித்தமாக டெல்லியில் இருந்த வருஷங்களில், நாற்பது வயதுக்கு மேல் எனக்கு இந்தப் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது. குல்மார்க்கில் ரோப் கார் இருக்கிறது, நம் பழனியில் இருப்பதைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது அஃபர்வாட் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரம் வரை கொண்டு விடும். அங்கே குறிப்பிட்ட எல்லைக்குள் காவலர்கள் கண்காணிப்பார்கள். எல்லையைத் தாண்டினால் நம் பாடு. 2019 பிப்ரவரியில் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர், நான், உள்ளூர் வழிகாட்டி ஒருவர், ஆக நாலு பேர் அந்த எல்லையைத் தாண்டிப் போனோம். மூன்று நாள் விடாமல் பனி பெய்து அன்றைக்குத்தான் வானம் வெளுத்திருந்தது. ஒரு தடம்கூட விழாத சரிவு. வெண்ணெய் மாதிரி இருந்தது.

சரிவின் ஓரத்துக்குப் போகும்போது காலடியில் நெல் மூட்டையைப் பொத்தென்று போட்ட மாதிரி ஒரு சத்தம். வழிகாட்டி கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். "சாப், கேட்டீங்களா?" என்றார். ஷவலை எடுத்து, மட்டமாக இருந்த ஒரு பக்கத்தில் இடுப்பளவுக்குக் குழி தோண்டினார். குழியின் சுவரில் முப்பது சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு தூண் மாதிரிப் பனியை அறுத்து நிறுத்தினார். ஷவல் தகட்டை அதன் தலையில் வைத்துத் தட்டினார். முதல் பத்துத் தட்டு மணிக்கட்டை மட்டும் அசைத்து, அடுத்த பத்து முழங்கையிலிருந்து, கடைசிப் பத்து தோளிலிருந்து. எத்தனையாவது தட்டில் எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. பதிமூன்றாவது தட்டில் மேல் பாதி மேஜை டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. உடைந்த இடத்தில் கை வைத்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார். அஸ்கா சர்க்கரை.

"திரும்பிடலாம்" என்றார்.

எனக்குக் கோபமான கோபம். லீவு நாலு நாள், பணம் முப்பதாயிரத்துக்கு மேல், முட்டி வலியோடு இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறோம். "ஒரு குழியை வெச்சு மலை முழுக்க முடிவு பண்ணுவீங்களா?" என்று சட்டம் பேசினேன். அவர் சொன்னார்: "ஒரு குழியை வெச்சு 'போ'ன்னு சொல்ல முடியாது சாப். 'போகாதே'ன்னு சொல்லலாம்." அதற்கு மேல் அவர் பேசவில்லை. வந்த தடத்திலேயே திரும்பினோம்.

ஒரு மணி நேரம் கழித்து வேறு நாலு பேர் அதே சரிவில் கூச்சல் போட்டுக்கொண்டு சறுக்கி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் டீக்கடையில் எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். நானும் வழிகாட்டியைக் கிண்டல் பண்ணினேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சரிவு அந்த வாரம் விழவே இல்லை. அப்படியானால் நாங்கள் திரும்பி வந்தது தப்பா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. பதில் குல்மார்க்கில் கிடைக்கவில்லை. ஊருக்கு வந்து கொடிவேரி அணையில் நின்றபோது கிடைத்தது.

என் செட்டு நண்பர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரிந்திருக்கும். சனிக்கிழமை மதியம் கிளாஸை விட்டுவிட்டுச் சைக்கிளில் கொடிவேரிக்குப் போவோம். அருவி மாதிரி விழுகிற இடத்தில் குளிப்பது எல்லோரும் செய்வது. நாங்கள் அதைத் தாண்டி, போகக் கூடாது என்று பரிசல்காரர்கள் கத்துகிற ஆழத்துக்குப் போவோம். "தம்பி, அங்க சுழி இருக்குது, வாங்கப்பா மேல" என்பார்கள். நூறு தடவை போயிருப்போம், ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவை ஒன்றும் ஆகாதபோதும் எங்களுக்கு நீச்சல் நன்றாகத் தெரியும், அந்த இடம் ஒன்றும் பண்ணாது என்று நினைத்துக்கொண்டோம். நூற்றியோராவது தடவை நாங்கள் ஆறு பேர் போய் ஐந்து பேர் வந்தோம். அவன் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவனுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாக நீச்சல் தெரியும்.

தண்ணீரும் பனியும் பொல்லாத வாத்தியார்கள். நாம் தப்பான விடை எழுதினாலும் நூறு தடவை மார்க் போட்டு அனுப்பிவிடுவார்கள். தப்பு என்று ஒரே ஒரு தடவைதான் சொல்வார்கள். ஆகவே 'போனேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது பாடம் ஆகாது. சரிவு விழவில்லை என்றால் அது பத்திரமான சரிவு என்று அர்த்தமில்லை. அன்றைக்கு நாலு பேரின் பாரம் அந்தப் பலவீனமான இடத்தில் படவில்லை, அவ்வளவுதான். வழிகாட்டி முடிவு எடுத்தது கண்ணால் கண்டதை வைத்து. நான் அதைப் பழித்தது அப்புறம் நடந்ததை வைத்து. அவருடைய வழிதான் சரி. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அடுத்த வருஷம் போய் அவரைத் தேடிப் பார்த்தேன். "அதையெல்லாம் நான் அப்பவே மறந்தாச்சு சாப்" என்றார்.

அறிவு இருக்கிறவன் ஏன் போகிறான் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இயான் மெக்காமன் என்பவர் 1972 முதல் 2003 வரை அங்கே நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்தார். ஆபத்தின் அடையாளம் பளிச்சென்று தெரிந்தபோதும் பலர் போயிருக்கிறார்கள், பனிச்சரிவுப் பயிற்சி பெற்றவர்கள் உட்பட. காரணம் பனியில் இல்லை, மனசில். பழக்கமான இடம்தானே என்ற எண்ணம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம். வேண்டாம் என்றால் பயந்தாங்கொள்ளி என்பார்களோ என்ற கூச்சம். கூட வந்த பெரியவருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை. வேறு ஆட்கள் போகிறார்களே என்ற தைரியம். நாம் முந்தாவிட்டால் இன்னொருத்தன் முதல் தடம் போட்டுவிடுவான் என்ற அவசரம். கொடிவேரியில் எங்களுக்கு இதில் முதல் ஐந்தும் இருந்தது.

அனுபவம் மட்டும் காப்பாற்றாது என்பதற்குப் பெரிய துக்கம் ஒன்று உண்டு. 2022 அக்டோபர் 4ஆம் தேதி உத்தராகண்டில் திரௌபதி கா தண்டா மலையில் உத்தரகாசி நேரு மலையேற்றக் கல்லூரிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. பயிற்சி பெற வந்தவர்களும் பயிற்றுநர்களுமாக 29 பேரை இழந்தோம். அதே ஆண்டு எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். யார் மீதும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மலைக்கு நம் சான்றிதழைப் படிக்கத் தெரியாது. அஃபர்வாட்டிலேயே 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டுக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்ய நாட்டுக்காரர் ஒருவரும் சறுக்கப் போய் இறந்தார்கள்.

சரி, போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

கிளம்பும் முன் எச்சரிக்கை அறிக்கையைப் பாருங்கள். நம் நாட்டில் மணாலியில் 1969இல் தொடங்கிய பனிச்சரிவு ஆய்வு நிலையம் 2020இல் வேறோர் ஆய்வகத்தோடு சேர்ந்து இன்று டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் சண்டிகரில் இருக்கிறது. காஷ்மீர், லடாக், இமாசலம், உத்தராகண்ட் பகுதிகளுக்கு அவர்கள் எச்சரிக்கை விடுகிறார்கள். ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை நிலைகளாகச் சொல்வார்கள். மூன்று என்றால் நடுவில்தானே இருக்கிறது, முப்பத்தஞ்சு மார்க் மாதிரி பாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தில் யாரும் வெளியே போக மாட்டார்கள். ஆல்ப்ஸ் மலைக் கணக்குப்படி நிறையப் பேர் இறப்பது மூன்றில்தான்.

தடமில்லாத மலைக்குப் போனால் ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான் இருக்க வேண்டும். புதைந்தால் இடம் காட்டுகிற டிரான்ஸீவர், குத்திப் பார்க்கிற நீளக் கம்பி, தோண்ட ஷவல். வாங்கினால் போதாது, பழகியிருக்க வேண்டும். ஏனென்றால் புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரை மணி தாண்டினால் பத்தில் மூன்று பேர்தான். நின்றுபோன பனி காரை போட்ட மாதிரி இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. ராணுவமோ ஹெலிகாப்டரோ வருவதற்குள் காலம் முடிந்துவிடும். காப்பாற்றப் போவது பக்கத்தில் நிற்கிற நண்பன்தான். அதனால்தான் சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். எல்லோரும் ஒன்றாகப் போனால் எல்லோரும் ஒன்றாகப் புதைவோம், தோண்ட ஆள் இருக்காது. இதெல்லாம் ஒரு மணி நேரப் பேச்சில் வருகிற வித்தையும் இல்லை. முறையாகப் பயிற்சி எடுங்கள், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இதற்குக் காசு வேண்டாம், சாமானும் வேண்டாம். கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யார் 'வேண்டாம்' என்று சொன்னாலும், அவன் ரொம்பச் சின்னவனாக இருந்தாலும், காரணம் சொல்லத் தெரியாதவனாக இருந்தாலும், எல்லோரும் திரும்பிவிட வேண்டும். திரும்பிய பிறகு அவனைக் கிண்டல் செய்யக் கூடாது. அன்றைக்குக் கொடிவேரியில் எங்கள் ஆறு பேரில் ஒருவன், "இன்னிக்குத் தண்ணி வேகமா இருக்குது, வேண்டாம்டா" என்றான். நாங்கள் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்படிச் சொன்னவன் இன்று இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாததை இந்த மேடையில் சொல்லிக்கொள்கிறேன்: நீ சொன்னதுதான்டா சரி.

மாணவச் செல்வங்களே, ஜனவரியில் நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள். வந்து நீங்கள் எந்தச் சரிவில் சறுக்கினீர்கள் என்று சொல்லுங்கள், ஆசையாகக் கேட்பேன். எந்தச் சரிவிலிருந்து திரும்பினீர்கள் என்று சொன்னால் இன்னும் ஆசையாகக் கேட்பேன்.